பீச்சாங்கைக்காரனும் தர்ட்டி-தர்ட்டியும்

போன வாரம் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது வாய் தவறி, "நவம்பர் கடைசியில மான் வேட்டைக்கு லீவு போட்டிருக்கேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவ்வளவுதான். "சல்மான் கானையே வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைய விட்டாங்க, உனக்கு எதுக்குடா இந்த வேண்டாத வேலை?" என்று ஆரம்பித்தார். நம்மூரில் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான் பக்கம் போனால் ஜெயில், இங்கே லைசென்ஸ் வாங்கி, சீசன் பார்த்து, ஒரு மானுக்கு ஒரு சீட்டு என்று கணக்கோடு அரசாங்கமே சுடச் சொல்கிறது என்று கால் மணி நேரம் விளக்கினேன். ஓநாயும் மலைச்சிங்கமும் ஒழிந்துபோன காட்டில் மான் பெருகி இளம் மரக்கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிடுகிறது என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அதையும் பீச்சாங்கையாலதான் சுடுறியா?"

ஆமாம். சோற்றுக் கையை மாற்ற அவர் கொடுத்த அடியெல்லாம் சோற்றுக்கு மட்டும்தான் வேலை செய்தது.

சொல்லப்போனால் நான் லீவர் துப்பாக்கிக்கு வந்து சேர்ந்ததே இந்த இடது கையால்தான். நான் இருப்பது பென்சில்வேனியாவில். இங்கே மான் வேட்டைக்குத் தானியங்கி ரைஃபிள் கூடாது, ஒவ்வொரு தோட்டாவையும் கையால்தான் ஏற்ற வேண்டும். பெரும்பாலானோர் வைத்திருப்பது போல்ட் ரைஃபிள், அதாவது வலப்பக்கம் ஒரு கைப்பிடி இருக்கும், அதைத் தூக்கிப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். இடது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இது நரகம். கன்னத்தை எடுத்து, கையை மேலே கொண்டுபோய், மறுபக்கம் தடவி, அதற்குள் மான் அடுத்த மாவட்டத்துக்கே போயிருக்கும். இடது கைக்கென்றே செய்த போல்ட் ரைஃபிள்கள் உண்டு, ஆனால் பழைய சாமான் கடையில் கண்ணில் படாது. லீவருக்கு இந்தப் பாகுபாடு இல்லை. ட்ரிகரைச் சுற்றியிருக்கும் வளையமேதான் லீவர், கீழே தள்ளி மேலே இழுத்தால் காலித் தோட்டா வெளியே, புதுத் தோட்டா உள்ளே. எந்தக் கையாக இருந்தால் என்ன.

இதைச் சொன்னதும் நண்பர்கள் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஜெய்சங்கரும் கௌபாய் தொப்பியும்தான். படபடவென்று பத்துப் பேரைச் சாய்ப்பது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன், அதற்கான பலனையும் அனுபவித்தேன், அதற்கு வருகிறேன்.

என்னோடு வேலை பார்த்து ரிட்டயரான ஒரு பெரியவர்தான் என்னை இதில் இழுத்துவிட்டவர். அப்போது நான் ஹெச்-1பி விசாவில் இருந்தேன். விசாவில் இருப்பவன் துப்பாக்கியைத் தொடலாமா என்று பயந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். பொதுவாகத் தொடக்கூடாது, மத்திய அரசுச் சட்டமே தடுக்கிறது, ஆனால் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த வேட்டை லைசென்ஸ் செல்லுபடியாகும் நிலையில் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. கூடவே வேறொன்றும் கண்ணில் பட்டது. இதே பென்சில்வேனியா 1909-இல் ஒரு சட்டம் போட்டது: குடியுரிமை பெறாத வெளிநாட்டில் பிறந்தவன் காட்டு விலங்கையோ பறவையையோ வேட்டையாடக்கூடாது, ஷாட்கன்னோ ரைஃபிளோ வைத்திருக்கவும் கூடாது. பாட்சோன் என்ற இத்தாலிக்காரர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1914-இல் தோற்றார். அந்தச் சட்டம் இப்போது இல்லை. இருந்தாலும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில், தன்னார்வத் தீயணைப்பு நிலைய ஹாலில், நாற்பது பேருக்கு நடுவில் ஒரே பழுப்புத் தோலாக உட்கார்ந்திருந்தபோது அந்த இத்தாலிக்காரரைத்தான் நினைத்துக்கொண்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு வயசுப் பொடியன் என்னைவிட அதிக மார்க் வாங்கினான்.

முதல் வருஷம் பெரியவர் தன்னுடைய பழைய மார்லின் 336-ஐக் கொடுத்தார். எழுபதுகளில் செய்தது. மார்லின் கம்பெனி 1948-இலிருந்து இந்த மாடலைப் போடுகிறது. இதற்கு அண்ணன் என்றால் வின்செஸ்டர் 1894, ஜான் பிரௌனிங் வடிவமைத்தது, எழுபது லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறார்கள். பழைய வின்செஸ்டர் காலித் தோட்டாவை மேலே துப்பும், அதனால் தொலைநோக்கி மாட்டுவது கஷ்டம். மார்லின் பக்கவாட்டில் துப்பும். இரண்டும் சாப்பிடுவது பெரும்பாலும் ஒரே தோட்டாவைத்தான்: தர்ட்டி-தர்ட்டி. முதல் முப்பது குழலின் அளவு, ஓர் அங்குலத்தில் நூற்றில் முப்பது பங்கு. இரண்டாவது முப்பது ஆரம்பத்தில் உள்ளே அடைத்த வெடிமருந்தின் எடை, 30 கிரெய்ன், அதாவது சுமார் இரண்டு கிராம். 1895-இல் சந்தைக்கு வந்தது. பென்சில்வேனியாவின் வேட்டை ஆணையம் அமைக்கப்பட்டதும் அதே 1895-இல்தான், காரணம் அப்போது இந்த மாநிலத்தில் மானே கிட்டத்தட்ட இல்லை. விற்பதற்காகக் கண்டபடி சுட்டும் காட்டை மொட்டையடித்தும் துடைத்துப் போட்டிருந்தார்கள். பிறகு மிச்சிகன் மாதிரி மாநிலங்களிலிருந்து மான் கொண்டுவந்து விட்டுத்தான் மறுபடி பெருக்கினார்கள். நல்ல துப்பாக்கி வந்த நேரத்தில் சுட மான் இல்லை.

லீவர் ரைஃபிளின் குணம் முழுக்க அதன் குழாயில் இருக்கிறது. குழலுக்கு அடியில் இன்னொரு குழாய், அதற்குள் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக ரயில் பெட்டி மாதிரி படுத்திருக்கும். ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருப்பதன் பின்புறத்தில் முட்டிக்கொண்டு நிற்கும், அந்தப் பின்புறத்தின் நடுவில்தான் தட்டினால் வெடிக்கிற பொட்டு. கூர்மூக்குக் குண்டைப் போட்டுவிட்டு, சுடும்போது வருகிற உதையில் அந்த மூக்கு முன்னால் இருக்கும் பொட்டில் குத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இதற்குத் தட்டை மூக்குக் குண்டு. தட்டை மூக்கு காற்றை மோதி மோதிச் சீக்கிரம் களைத்துவிடும். 100 கஜத்துக்குக் குறி சரிசெய்தால் 200 கஜத்தில் ஏழெட்டு அங்குலம் கீழே விழும். ஹார்னடி கம்பெனி ரப்பர் மாதிரி மெத்தென்ற கூர்முனை வைத்து ஒன்று போடுகிறது, கொஞ்சம் தூரம் கூடுதலாகப் போகும், நான் வாங்கிப் பார்த்துவிட்டுப் பழையதற்கே திரும்பிவிட்டேன். இந்த ஊர்க் காட்டில் ஓக் மரமும் ஹெம்லாக்கும் இடுப்பளவு லாரல் புதரும்தான், 100 கஜம் தெளிவாகத் தெரிந்தாலே அதிசயம்.

சரி, அந்த முதல் வருஷம். தேங்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை. 2018 வரை திங்கட்கிழமைதான் சீசன் தொடங்கும், பள்ளிக்கூடங்களுக்கே லீவு விடுவார்கள், 2019-இல் சனிக்கிழமைக்கு மாற்றியதில் பெரியவருக்கு இன்னும் கோபம். இருட்டில் போய் ஓர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தேன், தலையிலும் மார்பிலும் முதுகிலும் சட்டப்படி 250 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு. குளிர் என்றால் மூக்குச்சளி உறையும் குளிர். ஏழரை மணி வாக்கில் மூன்று பெண் மான்கள் சத்தமில்லாமல் போயின, பின்னாலேயே தரையை மோந்துகொண்டு ஒரு கொம்பன். 60 கஜம் இருக்கும். கொம்பில் ஒரு பக்கம் மூன்று கிளையாவது இருக்கிறதா என்று எண்ண வேண்டும், இருந்தது, நான்கே இருந்தது. குதிரையை, அதாவது தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கிற சுத்தியலை, பின்னால் இழுத்தேன், 'க்ளிக்'. உங்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம், அந்தக் குளிர்ந்த அமைதியில் அந்தச் சத்தம் எவர்சில்வர் தட்டு விழுந்த மாதிரி கேட்கும். மான் தலையைத் தூக்கி நேரே என்னைப் பார்த்தது. ட்ரிகரைப் பிடித்துக்கொண்டே குதிரையை முழுக்க இழுத்து, பிறகு ட்ரிகரை விட்டால் சத்தம் வராது என்பார்கள். விறைத்த விரலோடு அந்த வித்தையைச் செய்ய எனக்கு இன்றுவரை தைரியமில்லை.

பதற்றத்தில் சுட்டேன். மரக்கிளையில் பட்டது. பரவாயில்லை, கையில்தான் லீவர் இருக்கிறதே, தோளிலிருந்து எடுக்காமலே அடுத்தது போடலாமே! 'சரக் சரக்' என்று ஆட்டிவிட்டு மறுபடி ட்ரிகரை அழுத்தினால், 'டிக்'. அவ்வளவுதான். லீவரை முழுக்கத் தள்ளாமல் முக்கால்வாசியிலேயே திருப்பியிருக்கிறேன். காலித் தோட்டா வெளியே விழாமல் அதே இடத்துக்கே திரும்பிப் போயிருக்கிறது. மான் வாலைத் தூக்கி அந்த வெள்ளை அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு, கைக்குட்டை ஆட்டி விடைபெறுகிற மாதிரி, புதருக்குள் போய்விட்டது.

சாயங்காலம் பெரியவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கக்கூட இல்லை. "இரண்டாவது குண்டு இருக்கிறது என்று நினைத்தாய், அதனால்தான் முதல் குண்டு வீணானது" என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. லீவரின் வேகம் விளம்பரத்துக்கு நல்லது, காட்டில் அதைவிட நல்லது அதன் குட்டைத்தனம். எட்டாது என்று தெரிந்த கருவியைக் கையில் வைத்திருந்தால் மனிதன் கிட்டே போகிறான், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறான், கிளை மறைத்தால் சுடாமல் விட்டுவிடுகிறான். 400 கஜத்துக்குத் தொலைநோக்கி வைத்து எதிர்மலையில் நிற்கிற மானைச் சுட்டு, காலொடிந்த மானைத் தேடிப் போக முடியாமல் திரும்பி வருகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது லீவர் ரைஃபிளுக்கே கறுப்பு பிளாஸ்டிக் கட்டை போட்டு முன்னால் டார்ச் லைட் மாட்டி விற்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் யாரிடமும் உருப்படியான பதில் இல்லை.

அன்று சாயங்காலம் இன்னொன்றும் கற்றேன், தோட்டாவை இறக்குவது. இதை யாரும் முதலில் சொல்லித்தருவதில்லை. சூரியன் மறைந்து அரை மணி நேரத்தில் வேட்டை முடிய வேண்டும், தோட்டா போட்ட ரைஃபிளை வண்டியில் ஏற்றக்கூடாது. குழாயில் இருப்பதை ஒவ்வொன்றாக லீவர் ஆட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும், அதாவது சுடத் தயாராகிற அதே வேலையைச் சுடாமல் ஐந்தாறு தடவை செய்ய வேண்டும், அதுவும் களைப்பில், இருட்டில், விறைத்த விரலோடு. பெரியவரின் பழைய மார்லினில் தவறி வெடிக்காமல் தடுக்கிற தனிப் பூட்டும் இல்லை, எண்பதுகளில் வந்தவற்றில்தான் அந்தப் பொத்தான் உண்டு. குதிரையைக் கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இறக்கிப் பாதியில் இருக்கும் பள்ளத்தில் நிறுத்த வேண்டும். அந்த விரல் வழுக்கினால் கதை முடிந்தது. குழலைத் தரைப்பக்கம் காட்டிக்கொண்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, தோட்டாக்களை வாய்விட்டு எண்ணுவேன். எத்தனை போட்டேனோ அத்தனை வெளியே வராமல் இடத்தை விட்டு நகர்வதில்லை.

அடுத்த வருஷம் பழைய 336 ஒன்றைச் சொந்தமாக வாங்கினேன். பெண் மானுக்குத் தனி லைசென்ஸும் எடுத்தேன். இரண்டாவது சனிக்கிழமை, மதியம், லேசான பனித்தூறல். ஒரு பெண் மான் தனியாக வந்து ஓக் கொட்டைகளைப் பனிக்கடியில் கிளறித் தின்றுகொண்டிருந்தது, 45 கஜம்கூட இருக்காது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வைத்தேன். 170 கிரெய்ன் குண்டு, நம் கணக்கில் பதினோரு கிராம். சுட்டது காதில் விழவே இல்லை, கை மட்டும் தானாக லீவரை முழுக்கத் தள்ளி இழுத்திருந்தது, காலித் தோட்டா பனியில் விழுந்து புஸ்ஸென்று ஆவி விட்டது. மான் ஒரு துள்ளு துள்ளி ஓடியது. உடனே பின்னால் போகக்கூடாது, அரை மணி நேரம் உட்கார வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் நான் யோசித்ததையெல்லாம் எழுதினால் யாருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. பிறகு போய்ப் பார்த்தால் பனியில் நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம். நுரை என்றால் நுரையீரல். கறுத்துப் பச்சை கலந்திருந்தால் குடல், அப்புறம் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாற்பது அடி வைத்ததும் கிடைத்துவிட்டது. கண் திறந்தே இருந்தது, இமை முடியில் பனித்துகள்.

இடத்தை விட்டு நகர்த்துவதற்கு முன் சீட்டை எழுதிக் காதில் கட்ட வேண்டும். என் பேனா உறைந்துவிட்டது, வாயில் வைத்துச் சூடாக்கி எழுதினேன். குடல் எடுப்பதைப் பெரியவர்தான் பக்கத்திலிருந்து சொல்லித்தந்தார், சிறுநீர்ப்பை கிழியாமல் எடுப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

கறியைப் பற்றி ஒன்று மட்டும். மான் கொழுப்பை ஒட்டவே விடாதீர்கள், ஆறினால் மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை வழித்துவிட்டு, முதுகோரக் கறியைச் சின்னச் சின்னதாக வெட்டி, சின்ன வெங்காயமும் மிளகும் தூக்கலாகப் போட்டுச் சுக்கா செய்தால் அப்படி இருக்கும். தொடைக்கறியில் உப்புக்கண்டம் போடலாம் என்று பார்த்தேன், இங்கே டிசம்பர் வெயிலில் ஈரத்துணியே காயாது, ஓவனில் போட்டுத்தான் எடுத்தேன். அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன். "மஞ்சள் பத்தலை" என்று பதில் வந்தது.

இந்த வருஷத்துக்கு இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி சாப்பிட்டதும் மருந்தில்லாத டம்மி தோட்டாக்களைப் போட்டு, லீவரைக் கடைசிவரை தள்ளி, கடைசிவரை இழுத்து, இருபது தடவை. நம்மூர் அடிபம்பு ஞாபகம்தான் வரும், பாதி பாதியாக அடித்தால் காற்றுதான் வரும், முழு அடி அடித்தால்தான் தண்ணீர். நேற்று பதினெட்டு எண்ணியிருப்பேன், உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, குடம் நிறைஞ்சிருச்சு, வந்து படுங்க."