ஒஸ்லோவின் துணை மேயர்

1988இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் நோர்வேக்குப் புலம்பெயர்ந்த கம்சாயினி குணரட்ணத்தை எங்களில் பலர் "எங்கட பிள்ளை" என்றே சொல்லிக்கொள்கிறோம். அவரை அரசியலில் ஆளாக்கியது என்னவோ நோர்வே தொழிற்கட்சியின் இளைஞர் அமைப்புத்தான்.

2011 யூலை 22 அன்று, உத்தோயா தீவில் நடந்த அவ்வமைப்பின் கோடைகால முகாமுக்குள் ஆயுததாரி ஒருவன் புகுந்து 69 பேரைக் கொன்றபோது, அவரும் அங்கே இருந்தார். குளிர்ந்த ஏரி நீரில் இறங்கி, கரையை நோக்கி நீந்தியே உயிர் தப்பினார். போருக்குத் தப்பிப் பிள்ளையை அவ்வளவு தூரம் கொண்டுபோன பெற்றோருக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்பதை, ஷெல்லடிக்குள் பதுங்குகுழி தேடி ஓடிய எங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

2015இல், 27 வயதில், ஒஸ்லோவின் துணை மேயரானார். 2021இல் நோர்வே நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். அவர் பெயர் செய்தியில் வந்ததும் எந்த ஊர், யாருடைய மகள் என்று விசாரிக்கும் நம்மவர்களில் எத்தனை பேர், யாழ். மாநகர சபைத் தேர்தலில் அதே வயதுப் பெண்ணொருத்தி நின்றால் வாக்களிப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகமே. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு சட்டமாகி, 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தபோதும், பல பெண்கள் பட்டியலை நிரப்பும் பெயர்களாகவே சேர்க்கப்பட்டார்கள்.