காலாங்னா ஸ்டேஷன் பேரு மட்டும் இல்லையாம்

எங்க அப்பா இன்னும் சிசின்னு சொல்ல மாட்டாரு, சமூக நிலையம்தான். 1963ல சிங்கப்பூருக்கு டிவி வந்தப்போ யார் வீட்ல டிவி இருந்துச்சு, கம்பத்து, அதான் கிராமத்துப் பசங்க எல்லாம் சாயங்காலமே சமூக நிலையத்துக்கு ஓடிப்போய் தரையில இடம் புடிச்சிருவாங்களாம், இவரு பக்கத்துல சீனப் பையன், அவன் பக்கத்துல மலாய் வீட்டுத் தம்பின்னு கதை கதையா சொல்வாரு. (எவ்ளோ உண்மையோ, ஒவ்வொரு தீபாவளிக்கும் கூட்டம் பெருசாகிட்டே போகுது.)

நான் எச்டிபி புளோக்குல, அதாவது அரசாங்க அடுக்குமாடியில வளந்தவ. ஒவ்வொரு புளோக்குலயும் எந்த இனம் எவ்ளோ இருக்கலாம்னு 1989ல எச்டிபி இன விகிதம் வந்ததுனால எங்க புளோக்குல எல்லா இனமும் உண்டு, ஆனா கலந்து குடியிருக்கிறது வேற பழகுறது வேற இல்லையா, நாலாவது மாடி மக்சிக்கை (மலாய் ஆண்ட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) பத்து வருஷமா லிஃப்டுல பாத்து தலையாட்டிருக்கேன், அவ்ளோதான். அவங்ககிட்ட உக்காந்து பேசினது சிசில சமையல் வகுப்புக்குப் போனப்பதான். சிசில இருக்கிற நம்ம இந்தியர் நற்பணி செயற்குழு ஆளுங்க பொங்கலுக்குக் கூப்பிட்டப்போ அவங்க வந்து பானையைக் கிண்டினாங்க, நான் அவங்க நோன்பு துறப்புக்குப் போனேன். இதெல்லாம் சின்ன விஷயம்தான், ஆனா அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ வீட்டுச் சாவியை நம்பிக் குடுத்தது அவங்ககிட்டதான்.

போன வருஷம் கனடா வான்கூவர்ல இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அங்க நம்ம சிசி மாதிரியே வட்டாரத்துக்கு ஒண்ணு வச்சிருக்காங்க, 'நெய்பர்ஹுட் ஹவுஸ்'னு பேரு, புதுசா வந்தவங்களுக்கு இங்கிலீஷ், பிள்ளைங்களுக்கு விளையாட்டு, மத்தியானம் சேந்து சாப்பாடு. சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு அம்மா எந்திரிச்சு, நாம நிக்கிற இந்த மண் மஸ்குவீம், ஸ்குவாமிஷ், ஸ்லேல்-வாட்டுத்னு மூணு பூர்வகுடி மக்களோடது, அவங்க இதை யாருக்கும் எழுதிக் குடுக்கலன்னு சொன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தங்கச்சி காதுல, "அக்கா, எல்லாக் கூட்டத்துலயும் சொல்வாங்க, சொல்லிட்டு சூப் குடிக்கப் போயிருவாங்க"ன்னா. அவ சொல்றதும் சரிதான். பூர்வகுடிப் பிள்ளைங்களைப் பெத்தவங்ககிட்ட இருந்து பிரிச்சு விடுதிப் பள்ளியில போட்ட கொடுமையை விசாரிச்ச ஆணையம் 2015ல 94 பரிந்துரை குடுத்துச்சு, அதுல பாதிக்கு மேல இன்னும் முழுசா நடக்கலன்னு அங்க உள்ளவங்களே திட்டுறாங்க. ஆனா அன்னிக்கு மேசையில அந்த இனத்துப் பாட்டி ஒருத்தர் உக்காந்து பிள்ளைங்களுக்கு மரப்பட்டையில கூடை முடையச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தாங்க, அது வெறும் பேச்சு இல்ல.

ஊருக்கு வந்ததும் மக்சிக்கிட்ட இதைச் சொன்னேன், அவங்க சிரிச்சாங்க. "நாங்க புலாவ் செமாக்காவ் தீவு ஆளுங்க, தெரியுமா?"ன்னாங்க. செமாக்காவ்னா எனக்குத் தெரிஞ்சது குப்பைத் தீவு, 1999ல இருந்து நாம எரிச்ச குப்பையோட சாம்பல் போய்ச் சேர்ற இடம். இவங்களுக்கு அது அப்பா படகு கட்டின கரை. எழுபதுகள்ல ஆளுங்களை எல்லாம் இந்தப் பக்கம் கொண்டுவந்து ஃபிளாட் குடுத்தாங்க, மூணாவது மாடியில படகை எங்க நிறுத்துறதுன்னு அவங்க அப்பா கேட்டாராம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, எனக்குத்தான் சிரிப்பு வரல.

மக்சிக் மாதிரி ஆளுங்களை மலாய்ல ஒராங் லாவுட்னு சொல்வாங்க, கடல் மக்கள். காலாங் ஆத்தோரம் இருந்தவங்க ஒராங் காலாங், வடக்குல ஒராங் சிலேத்தார். 1819ல பிரிட்டிஷ்காரரு ராஃபிள்ஸ் வந்ததுக்கு அப்புறம் காலாங் மக்களை ஜொகூர்ல புலாய் ஆத்துப் பக்கம் அனுப்பிட்டாங்க, சிலேத்தார் மக்கள் இன்னிக்கும் ஜொகூர் பக்கம் இருக்காங்க. இங்க அவங்க பேர்ல மிஞ்சினது காலாங் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனும் சிலேத்தார் விமான நிலையமும்தான். அரசியல் சட்டம் 152ஆவது பிரிவுல மலாய்க்காரர்கள்தான் இந்த நாட்டுப் பூர்வகுடின்னு எழுதியிருக்கு, ஆனா அந்தப் பேருக்குள்ள எத்தனை கரை, எத்தனை படகு இருக்குன்னு எந்த வகுப்புலயும் நான் படிச்சதா ஞாபகம் இல்ல.

நம்ம ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல லா. நாராயண பிள்ளை 1819லயே ராஃபிள்ஸ்கூட வந்தாரு, 1827ல மாரியம்மன் கோயில் கட்டினாருன்னு மேடைக்கு மேடை மார்தட்டுறோம், நானும் தட்டியிருக்கேன். அந்தக் கப்பல் வந்து நின்னப்போ கரையில யார் இருந்தாங்கன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கோமா? நாமளே இங்க ஒட்டிக்க இடம் தேடின கூட்டம், அதனால வேற யாரு இடம்னு பாக்கத் தோணல போல.

சிசில ஒரு அறிக்கை வாசிக்கணும்னு நான் சொல்ல வரல, வாசிச்சா நம்ம ஊர்ல அதுக்கும் ஃபாரம் நிரப்பச் சொல்வாங்க. ஆனா சமையல் வகுப்புல இத்தாலியன் பாஸ்தா இருக்கு, கொரியன் கிம்ச்சி இருக்கு, தீவுச் சமையல் மட்டும் இல்ல. கேட்டுப் பாத்தேன். ஆள் சேந்தா நடத்தலாம்னாங்க, பதினஞ்சு பேர் வேணுமாம். அப்பா, நான், எதிர் வீட்டு சீன ஆண்ட்டி, அவங்க மருமக, பொங்கப் பானை கோஷ்டின்னு சேத்துப் பாத்தா பதினொண்ணு தேறுது.

மக்சிக் கோங்கோங்னு சொல்ற கடல் நத்தை வேணாம், சுத்தம் பண்ணத் தெரியாம எல்லாரும் வயித்த வலியில கெடப்பீங்கன்னுட்டாங்க. சோத்தோங் ஹித்தாம்தான், கணவா மையிலயே கறுப்பா வேக வைக்கிறது. புளி நான் கொண்டு வரணுமாம், கடைப் பாக்கெட் புளி இல்ல, நல்ல புளி.