கோந்து, கம், பிசின்: ஒரே பாட்டிலுக்கு எத்தனை பேரு

ஸ்டேஷனரி கடையில சின்னப் பசங்க "ஒரு கம் குடுங்க"ன்னு கேக்கும், கொஞ்சம் வயசானவங்க "கோந்து பாட்டில் இருக்கா"ம்பாங்க, கடைக்காரர் ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டிலத்தான் எடுத்து வைப்பாரு. பிசின்னு மட்டும் யாரும் கேக்கறதில்ல. பிசின்னா நமக்கு மரத்துல வடியிறது, இல்லன்னா மதுரை ஜிகர்தண்டால கொழகொழன்னு கெடக்குறது.

இதுல கோந்து இந்தியோட 'கோந்த்'. அங்க மரத்துல வடியிறதுக்கும் அதான் பேரு, பேப்பர் ஒட்டுறதுக்கும் அதான் பேரு. குளிர்காலம் வந்தா அத நெய்ல பொரிச்சு லட்டு வேற பிடிப்பாங்க. நம்ம ஊர்ல விருந்தாளி முன்னாடி கோந்து லட்டுன்னு வச்சுப் பாருங்க, எந்திரிச்சு ஓடிடுவாங்க! வார்த்தை தெற்க வரும்போது சமையக்கட்ட அங்கயே விட்டுட்டு ஆபீஸ் டேபிளோட மட்டும் வந்துடுச்சு போல.

கம் கதை இத விட நீளம். இங்கிலீஷுக்கு பிரெஞ்சுல இருந்து வந்துச்சு, பிரெஞ்சுக்கு லத்தீன்ல இருந்து, லத்தீன்ல அது 'கும்மி' (நம்ம கும்மிப்பாட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, யாரும் புதுசா ஆராய்ச்சி கிளப்பிடாதீங்க), அதுக்கு முன்னாடி கிரேக்கத்துல 'கொம்மி', கிரேக்கர்களுக்கு அத குடுத்தது எகிப்து. பழைய எகிப்து எழுத்துல உயிரெழுத்து எழுத மாட்டாங்க, அதனால க, ம, த ஒலிங்க வர்ற ஒரு வார்த்தைன்னு தெரியும், அவங்க வாய்ல அது எப்படி கேட்டுச்சுன்னு சரியா சொல்ல முடியாது.

கிமு 5ஆம் நூற்றாண்டுல எகிப்தப் பத்தி எழுதின கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் மம்மி செய்யறத விவரிக்கிற எடத்துல, உடம்ப துணிப்பட்டையால சுத்தி அதுமேல கொம்மி பூசுவாங்க, எகிப்துக்காரங்க 'கொல்லா'ங்கற பசைக்கு பதிலா பெரும்பாலும் இதத்தான் பயன்படுத்துறாங்கன்னு சொல்றாரு. கொஞ்சம் தள்ளி, நைல்ல சரக்கு ஏத்துற படகு செய்யற முள்மரத்தப் பத்தி வருது, அந்த மரத்துல வடியிறதுதான் கொம்மியாம். அது என்ன மரம்னு பாத்தா, பொதுவா அறிஞர்கள் சொல்றது நம்ம கருவேலம்! அதோட அறிவியல் பேருலயே 'நிலோட்டிகா'ன்னு நைல் நதி இருக்கு. சீமைக்கருவேலத்தோட போட்டு குழப்பிக்காதீங்க, அது அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்த வேற மரம். அதாவது கம்முங்கற வார்த்தை எந்த மரத்துலேர்ந்து கெளம்புச்சோ அந்த மரம் நம்ம கண்மாய்க் கரையில நிக்குது, நாம அதுல வடியிறத பிசின்னு சொல்லிட்டு, கடையில போய் கம் கேக்கறோம்.

அந்த கொல்லாவும் சும்மா இல்ல. தோல், எலும்ப கொதிக்க வச்சு எடுக்கிற பசைக்கு கிரேக்கர்கள் வச்ச பேரு அது, இன்னிக்கு முகத்துக்கு க்ரீம் விக்கிறவங்க சொல்ற கொலாஜன் இதுலேர்ந்துதான் வந்துச்சு. நம்ம ஆசாரிங்க வஜ்ரம்னு காய்ச்சி ஒட்டினாங்களே, அதுவும் இதே சரக்குதான். சூடு ஆறிட்டா கெட்டியாயிடும், அடுப்பு பக்கத்துலயே இருக்கணும். 1959ல பெவிகால் வந்து அந்த அடுப்புக்கு வேலை இல்லாம பண்ணிடுச்சு. ஆனா அந்தப் பேரோட வால் இருக்கே, 'கால்', அது ஜெர்மன் பசைப் பேர்லேர்ந்து எடுத்தது, அதுக்கும் மூலம் அதே கொல்லா! ஹெரோடோட்டஸ் ஒரே வாக்கியத்துல சேத்து எழுதின ரெண்டு பேரும் நம்ம தெருமுனைக் கடையில பக்கத்து பக்கத்து டப்பாவுல உக்காந்திருக்காங்க. எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

பசையும் பிசினும் நம்ம சொந்த சரக்கு, ஆனா கடைல அதுங்களுக்கு மவுசு கொறஞ்சு போச்சு, போஸ்டர் ஒட்டுற மைதா பசையோட பசை நின்னுடுச்சு. அதுக்காக பாவப்படவும் தேவையில்ல. காசு இருக்குற ஆள 'பசையுள்ள ஆளு'ங்கறோம், காசு இருந்தும் குடுக்காதவன 'பிசினாறி'ங்கறோம். கோந்து இத்தன வருஷமா இங்க இருந்தும் அத வச்சு ஒருத்தன திட்டக்கூட முடியல.