புதுவீட்டுப் பெட்டி: சிலுவையை மந்திரிக்காமலே அனுப்புங்கள்

புதுவீடு போகும் மகளுக்கோ தம்பிக்கோ தோழிக்கோ செபப் பொருள்கள் வைத்து ஒரு பெட்டி கட்டித் தர நினைப்பவர்கள் பெரும்பாலும் அளவில்தான் தவறுகிறார்கள். நாலு சுரூபம் (சிலை), ஆறு செபமாலை, ஒரு கட்டு நவநாள் புத்தகம், போதாததற்கு சாவிக்கொத்தும் ஸ்டிக்கரும். சாதாரணப் பரிசு பிடிக்கவில்லை என்றால் வேறு யாருக்காவது தள்ளிவிடலாம். மந்திரித்த பொருளை, அதாவது குருவானவர் செபம் சொல்லி ஆசீர்வதித்ததை, அப்படித் தள்ள மனம் வராது. அதை மரியாதையோடு நடத்த வேண்டும், கண்ட வேலைக்கும் பயன்படுத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே (எண் 1171) சொல்கிறது. உடைந்து போனாலும் எரிக்க வேண்டும், இல்லையென்றால் மண்ணில் புதைக்க வேண்டும். நீங்கள் கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு சுரூபமும் அந்த வீட்டில் காலி செய்யவே முடியாத குடித்தனக்காரர் மாதிரி. ஆறேழு பொருள் போதும்.

முதலில் வாங்க வேண்டியது பாடுபட்ட சிலுவை. வெறும் சிலுவை வேண்டாம், ஆண்டவர் உருவம் உள்ளதாக இருக்கட்டும். கூடத்துச் சுவருக்கு 8 முதல் 10 அங்குல உயரம் சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் கனமும் கூடும், வாடகை வீட்டில் மாட்டுவதும் சிரமம். ரெசினில் வார்த்த உருவங்கள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வழியில் அடிபட்டால் முதலில் ஒடிவது கைகள்தான். மரச் சிலுவையில் உலோக உருவம் ஆணியடித்து இறுக்கியதாகப் பார்த்து வாங்குங்கள். பின்பக்கம் மாட்டும் வளையம் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். பல சிலுவைகளில் இருக்காது.

அதை மாட்டத் தேவையானதையும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். புதுவீட்டில் சுத்தியல் எந்த மூட்டைக்குள் இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது. சொந்த வீடு என்றால் ஒரு ஆணி, ஒரு திருகாணி, அதற்கான பிளாஸ்டிக் பிளக். வாடகை வீடு என்றால் ஒட்டும் கொக்கி. சிலுவையை எடை போட்டுப் பார்த்து, அதைப் போல இரண்டு மடங்கு தாங்கும் கொக்கியாக வாங்குங்கள். சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒட்டி, அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் மாட்ட வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் இந்தக் கொக்கி நிற்காது. புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரிலும் சில நாள் பொறுக்க வேண்டும்; இல்லையென்றால் பெயின்ட்டோடு உரிந்துகொண்டு விழும்.

இனி மந்திரிப்பு விஷயம். எல்லாவற்றையும் நம் பங்குச் சாமியாரிடம் (நம் வட்டாரக் கோயிலின் குருவானவரிடம்) கொண்டுபோய் மந்திரித்து அனுப்புவதுதான் வழக்கம். தப்பில்லை. ஆனால் சிலுவையையும் படத்தையும் மந்திரிக்காமல் அனுப்புவதே மேல் என்பேன். புதுவீட்டை மந்திரிக்க வரும் குருவானவர் அந்தக் குடும்பம் சூழ்ந்து நிற்க, அதே சடங்கோடு அவற்றையும் மந்திரித்துவிடுவார். மாட்டும் சிலுவைக்கும் மந்திரிக்கும் வீட்டுக்கும் அப்போது ஒரே நாள், ஒரே செபம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: சாமியாரை அழைக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. எப்படியும் அழைப்பு அவர்களிடமிருந்துதான் போக வேண்டும். குடியிருப்பவர்கள் இல்லாதபோது வீட்டை மந்திரிப்பதில்லை என்பது ஆசியுரைச் சடங்கு நூலின் ஒழுங்கு. அவர்களுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்து வியப்பூட்டலாம் என்ற திட்டம் இங்கே செல்லாது.

முன்பே மந்திரித்துத்தான் கொடுப்பேன் என்பவர்கள் வரிசையை மாற்றிவிடக் கூடாது. முதலில் விலை கொடுத்து வாங்குவது, பிறகு மந்திரிப்பது. மந்திரித்த பொருளை விற்றால் அதைப் பயன்படுத்துவதற்கு உரிய ஞானப்பலன் நீங்கிவிடும். ‘ஏற்கெனவே மந்திரித்தது’ என்று கூடுதல் விலைக்கு யாராவது விற்றால் வாங்காதீர்கள். புனிதர்களின் எலும்பு, உடை போன்ற திருப்பண்டங்களுக்கு இதைவிடக் கடுமையான விதி உண்டு. அவற்றை விற்பதையே சட்டம் (எண் 1190) அறவே தடுக்கிறது.

தீர்த்தம் மட்டும் மந்திரித்தே போக வேண்டும். 100 மில்லி போதும். விமானத்தில் கைப்பையில் எடுத்துப் போவதற்கும் பொதுவாக அதுதான் வரம்பு. கண்ணாடிப் புட்டி வேண்டாம், திருகுமூடி போட்ட கெட்டியான பிளாஸ்டிக் புட்டி எடுங்கள். கழுத்து வரை நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். வெப்பத்தில் உள்ளே அழுத்தம் கூடினால் மூடி வழியே கசியும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஜிப் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போடுங்கள். ‘தீர்த்தம்’ என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். எழுதாத புட்டியிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுவார்கள். வெயில் படும் இடத்தில் வைத்தால் நாளடைவில் பாசி பிடிக்கும். பழையதைச் சாக்கடைக் குழாயில் விடாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். வாசல் பக்கம் மாட்டும் தீர்த்தக் கிண்ணம் வைப்பதானால் பீங்கானே நல்லது. மந்திரித்த உப்பு கலந்த தீர்த்தம் என்றால் பித்தளை சீக்கிரம் பச்சை பூத்துவிடும்.

மெழுகுவர்த்தி இரண்டு. பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழாவில் மந்திரித்தது கையில் இருந்தால் அதையே வைக்கலாம். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். சாதாரண மெழுகில் பல வகைகள் அதற்கு முன்பே இளகி வளைந்துவிடும், வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அது நடக்கும். காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி அட்டைக் குழலில் போடுங்கள். தேன்மெழுகின் மேல் வெள்ளையாகப் படர்வது பூஞ்சணம் இல்லை. மென்துணியால் துடைத்தால் போய்விடும். மெழுகுவர்த்தி வைத்தால் அதற்கேற்ற தாங்கியும் கூடவே போக வேண்டும். இல்லையென்றால் டம்ளரில் சாய்த்து வைத்து ஏற்றுவார்கள்.

திருவிவிலியம் வாங்கும்போது பொருளடக்கத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள். தோபித்து, யூதித்து, மக்கபேயர் நூல்கள் இருந்தால் 73 நூல்கள் கொண்ட கத்தோலிக்கப் பதிப்பு. இல்லையென்றால் 66தான். செபமாலையில் நூலில் கோத்தது நீடிக்கும். மெல்லிய கம்பி வளையங்கள் விரிந்து மணி கழன்றுவிடும். செபமாலை சொல்லும்போது தியானிக்கும் தேவ இரகசியங்களின் தாளும் கூட வைப்பதானால், 2002-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்த ஒளியின் தேவ இரகசியங்கள் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் ஒன்றே ஒன்று. பல வீடுகளுக்குப் பொருந்துவது திருஇருதய ஆண்டவர் படம். அதை வீட்டில் அரியணையேற்றி, குடும்பத்தை ஒப்புக்கொடுக்கும் பக்தியை 1907 முதல் பரப்பியவர் மத்தேயோ கிராலி-போவி என்ற துறவறக் குருவானவர். படத்தோடு அந்த ஒப்புக்கொடுத்தல் செபத்தையும் வைத்தால்தான் படத்துக்கு வேலை இருக்கும். படத்தின் சட்டகத்தில் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போடச் சொல்லுங்கள்.

புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) பதக்கம் பதித்த சிலுவை இப்போது அதிகம் விற்கிறது. நல்லதுதான், ஆனால் விளிம்பில் உள்ள எழுத்துகள் என்னவென்று பெறுபவருக்குத் தெரியாவிட்டால் அது தாயத்தாகிவிடும். அவை ஒரு இலத்தீன் செபத்தின் முதலெழுத்துகள்: சாத்தானே அப்பாலே போ, வீணானவற்றை எனக்குக் காட்டாதே, நீ ஊற்றுவது தீயது, உன் நஞ்சை நீயே குடி. இன்று நாம் பார்க்கும் வடிவம் 1880-இல் வந்தது.

வைக்கக் கூடாதவையும் உண்டு. வீடு விற்க சூசையப்பர் சுரூபத்தைத் தலைகீழாகப் புதைக்கும் ‘கிட்’, ஒன்பது பேருக்கு நகலெடுத்து அனுப்பாவிட்டால் கேடு வரும் என்று மிரட்டும் நவநாள் தாள் இரண்டும் பக்தி இல்லை, மூடநம்பிக்கை. நோயில்பூசுதல் தைலம் யார் கையிலாவது இருந்தாலும் பெட்டிக்குள் போகக் கூடாது. அது குருவானவர் கையாள வேண்டியது. கழுத்தில் அணியும் துணித்துண்டான உத்தரியமும், அணிவிக்க ஒரு குருவானவர் கிடைப்பார் என்று தெரிந்தால் மட்டும்.

பெட்டியிலேயே அதிகம் பயன்படப்போவது ஒரு தாள். புது முகவரி எந்தப் பங்குக்குள் வருகிறது என்று விசாரித்து எழுதுங்கள். பங்கு பொதுவாக எல்லையை வைத்துத்தான், பக்கத்தில் தெரியும் கோயிலை வைத்து இல்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் கோயில் வேறு பங்காக இருக்கலாம். பங்கு அலுவலகத் தொலைபேசி, திருப்பலி நேரம், பாவசங்கீர்த்தன நேரம், இரவில் நோயில்பூசுதலுக்கு அழைக்க வேண்டிய எண். பெரிய எழுத்தில், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும்படி. முடிந்தால் அந்தக் குடும்பத்துக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லி (திருப்பலிக் கருத்து), தேதியை அதே தாளில் குறியுங்கள். பல பங்குகளில் தேதிகள் முன்கூட்டியே நிரம்பிவிடும், முதல் வேலையாக இதை முடியுங்கள்.

வாழ்க்கைத்துணை வேறு மதம் என்றால் சிலுவை, ஒரு மெழுகுவர்த்தி, இந்தத் தாள், இதற்கு மேல் வேண்டாம். எங்கே மாட்டுவது என்பதை அவர்கள் இருவரும் பேசி முடிவு செய்யட்டும்.

கட்டும்போது இரட்டை அட்டைப் பெட்டி எடுங்கள். அடியில் திருவிவிலியம், பிளாஸ்டிக் உறையில். வீட்டுச் செபப் பீடத்துக்கு விரிக்கும் வெள்ளைத் துணியையே சிலுவைக்குச் சுற்றுத் துணியாக்கலாம், தனியாகப் பஞ்சு தேவையில்லை. கைகளுக்குக் கீழே துணியை மடித்துத் திணியுங்கள். தீர்த்தப் புட்டி புத்தகத்துக்கு எதிர் மூலையில், நேராக. செபமாலை தனிப் பையில், இல்லையென்றால் எல்லாவற்றோடும் சிக்கிக்கொள்ளும். மூடிவிட்டு ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் இடம் இருக்கிறது. பெட்டி வீடு மந்திரிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது போய்ச் சேர வேண்டும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் தீர்த்தத்தையும், மந்திரித்த உப்போ குருத்தோலையோ சேர்த்திருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள். திரவம், பெயரில்லாத வெள்ளைத்தூள், காய்ந்த இலை எல்லாம் சுங்கத்தில் நிற்கும். காலிப் புட்டியை வையுங்கள், அவர்கள் புதுப் பங்கிலேயே நிரப்பிக்கொள்வார்கள். விமானத் தபாலில் தீப்பெட்டியும் லைட்டரும் கூடாது. மரச் சிலுவைக்கும் சில நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. அங்கே உலோகச் சிலுவையே அனுப்புங்கள்.