பூந்தோட்டத்துக்குப் போய் விழுந்த மரத்தைப் பார்த்த கதை

அந்த வனப்பூங்காவுக்கு நான் போனது பூந்தோட்டத்துக்காக. அது நுழைந்ததுமே வந்துவிட்டது. பாத்தி பாத்தியாகப் பூக்கள், கீழே ஒரு சருகுகூடக் கிடையாது, செடிக்குச் செடி பெயர்ப்பலகை. நாலு படம் எடுத்தேன், கால் மணி நேரத்தில் முடிந்தது.

அப்புறம்தான் பின்பக்கத்து நடைபாதை கண்ணில் பட்டது. வாசலில் கைபேசியில் பிடித்த வரைபடத்தைப் பெரிதாக்கினால் எழுத்தெல்லாம் மங்கல். சரி, எப்படியும் சுற்றி வாசலுக்குத்தானே வரும் என்று நடந்தேன். (நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பாதை பிரியும் இடத்தில் மரத்தில் பூசியிருந்த வண்ணக் குறியைக் கவனிக்காமல் போனதில் ஒன்றரை மணி நேரச் சுற்று எனக்கு மூன்று மணி நேரம் ஆனது.)

முந்தின இரவு மழை, உள்ளே ஒரே மண்வாசனை. அது ஜியோஸ்மின் என்கிற வேதிப்பொருளின் வாசனை, மண்ணில் இருக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் இந்த ஏற்பாடு நமக்காக இல்லை. ஸ்பிரிங்டெயில் என்ற பொடிப்பூச்சிகள் இந்த வாசனைக்கு வந்து, பாக்டீரியாவைத் தின்று, அதன் வித்துகளை வேறு இடங்களுக்குச் சுமந்து போகின்றன என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

வழி தப்பிய அந்தப் பாதையில்தான் ஒரு பெரிய மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. ஆள் நடக்கும் அகலத்துக்கு மட்டும் அறுத்துவிட்டு மீதியை அப்படியே போட்டு வைத்திருந்தார்கள். சோம்பேறித்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து பார்த்தால், ஒரு பக்கம் முழுக்கப் பாசி, விசிறி விசிறியாகக் காளான், பட்டை உரிந்த இடத்தில் வண்டுப் புழுக்கள் குடைந்த கோடுகள், எல்லாவற்றுக்கும் மேலே, மரத்தின் முதுகில் விரல் நீளத்துக்கு வரிசையாக மரக்கன்றுகள்! மக்கிய மரம் பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தரையில் புல்லோடும் புதரோடும் போட்டி போடாமல் கன்று அதன்மேல் வேர்விடலாம். ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட மரத்துக்கு நர்ஸ் லாக் (செவிலிக் கட்டை) என்றே பெயர். இதை அப்புறப்படுத்தியிருந்தால் அந்தக் கன்றுகளும் சேர்ந்து போயிருக்கும். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், எடுத்த படம் ஒன்றும் தேறவில்லை.

அடுத்த முறை பூந்தோட்டத்தில் நிற்கப்போவதில்லை. அந்தக் கன்றுகளில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும், வரைபடத்தையும் ஒழுங்காகப் படம் பிடிக்க வேண்டும்.