காற்று ஒரு ராத்திரிதான். கரண்ட் வர எத்தனை நாள்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. விடிவதற்குள் கடலோரத்தில் காற்று தணிந்துவிட்டது. சாய்ந்த மின்கம்பங்களோ லட்சத்துக்கும் மேல். உள்கிராமங்களில் வெளிச்சம் வர வாரக்கணக்கில் ஆனது. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் வீட்டைத் தயார் செய்கிறவர்கள் இதை நினைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். மெழுகுவத்தி, பிஸ்கட், தீப்பெட்டி எல்லாம் அந்த ஒரு ராத்திரிக்குச் சரி. அதற்கப்புறம் வரும் பத்து நாளுக்கு என்ன இருக்கிறது?

முதலில் தண்ணீர். ஊராட்சி மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது மோட்டார். கரண்ட் போனால் தெருக்குழாயும் போச்சு. குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்தால், நாலு பேருக்குப் பத்து நாளைக்கு 200 லிட்டர். மூடியுள்ள டிரம்மிலும் குடத்திலும் முந்தின நாளே பிடித்துவிடுங்கள். மாடியில் பிளாஸ்டிக் தொட்டி இருந்தால் அதையும் நிரப்புங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தால் ஒரு டன், காற்றுக்கு அசையாது. காலியாக இருந்தால் இரண்டு பேர் தூக்கிவிடலாம், புயலும் தூக்கிவிடும். நிரப்பினதோடு விடாமல் அடிவால்வையும் மூடுங்கள். கிளை விழுந்து குழாய் உடைந்தால் ராவோடு ராவாக மொத்தமும் ஒழுகி, தொட்டி மறுபடி காலியாகிவிடும்.

அடுத்தது கூரை. மணிக்கு 120 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 70 கிலோ விசை காட்டும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு, அதனால் 60 கி.மீ. காற்றைத் தாங்கின கூரையை நம்பி உட்கார முடியாது. பத்தடிக்கு மூன்றரை அடிக் கூரைத் தகடு ஒன்றை மேலே இழுக்கும் விசை 200 கிலோவைத் தாண்டும். ஓரத்திலும் மூலையிலும் இன்னும் அதிகம். தகட்டின் மேல் மணல் மூட்டையும் கல்லும் வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். 25 கிலோ மூட்டை என்ன செய்யும்? கல் பறந்து பக்கத்து வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

கொக்கிபோல் வளைந்த ஜே போல்ட்டை முறுக்கினால் வேலை முடிந்தது என்பது இன்னொரு தப்புக் கணக்கு. போல்ட் தகட்டை அதைத் தாங்கும் இரும்புக் குழாயோடுதான் பிடிக்கிறது. அந்தக் குழாய் பெரும்பாலான வீடுகளில் சுவர்மேல் சும்மா உட்கார்ந்து, கொஞ்சம் சிமெண்டுப் பூச்சோடு நிற்கிறது. தகடும் குழாயும் சேர்ந்தே கிளம்பிப் போய்விடும். சுவரின் மேல்மட்ட கான்கிரீட் பெல்ட்டில் இரும்புப் பட்டையைப் பதித்து, அதைக் குழாய்மேல் வளைத்துப் பிடிக்க வேண்டும். மழைக்கு முன்னால் கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. ஓர வரிசையில் போல்ட்டை நெருக்கமாகவும், வாஷரை அகலமாகவும் போடச் சொல்லுங்கள். சின்ன வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கீற்றுக் கொட்டகைக்குப் பழைய மீன்வலையை மேலே விரித்து, நான்கு பக்கமும் ஆழமாக அடித்த முளையில் இழுத்துக் கட்டுவது நல்ல வழி. எப்படியானாலும், கான்கிரீட் கூரை இல்லாதவர்கள் பள்ளிக்கூடத்துக்கோ புயல் பாதுகாப்பு மையத்துக்கோ பகலிலேயே போய்விட வேண்டும். கஜா வந்தது நடுநிசிக்கு மேல். அந்த நேரத்தில் மரம் விழும் சாலையில் குழந்தைகளோடு நடக்க முடியாது.

புயலின் கண் நேராக நம் ஊர்மேல் வந்தால் காற்று திடீரென்று நிற்கும். மேற்கே நகரும் புயலில் அதுவரை வடக்கிலிருந்து அடித்த காற்று, கண் கடந்ததும் தெற்கிலிருந்து அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரமும் சுவரும் இரண்டாவதில்தான் சாயும். இடையில் மாட்டைப் பார்க்கப் போகிறவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள். மாட்டை முன்கூட்டியே அவிழ்த்துவிடுங்கள். கட்டுத்தறியில் நின்றால் கொட்டகையோடு போய்விடும். தென்னையில் முற்றின காயையும் அடி மட்டைகளையும் இறக்கிவிட்டால் தலைக்கனம் குறையும்.

புயலுக்கு அப்புறம் வாடகை ஜெனரேட்டர் தெருத்தெருவாக வரும். அதன் ஒயரை வீட்டு பிளக்கில் சொருகுகிற பழக்கம் ஆளைக் கொல்லும். அந்த மின்சாரம் மீட்டர் வழியாக லைனுக்கு ஏறி, டிரான்ஸ்பார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறும். கம்பத்தில் நிற்கும் லைன்மேனுக்கு அது தெரியாது. வீட்டை லைனிலிருந்து பிரித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லையென்றால், மோட்டாரை லைனிலிருந்து கழற்றி நேரடியாக ஜெனரேட்டரில் கொடுங்கள். ஜெனரேட்டரை திண்ணையிலோ அறைக்குள்ளோ வைக்காதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு விஷம், அதற்கு வாடை கிடையாது.

வெள்ளம் புகுந்த கிணற்றை அப்படியே குடிக்கக் கூடாது. சேற்று நீரை முடிந்தவரை இறைத்துவிட்டு, ஊறின தண்ணீரை அளவெடுங்கள். விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, தண்ணீர் ஆழத்தாலும் 785 ஆலும் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் ஆழம் என்றால் 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 24 கிராம். ரொம்ப நாள் திறந்து கிடந்த பவுடரில் குளோரின் போயிருக்கும், புதுசு வாங்குங்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோல் குழைத்து, பிறகு முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அதைக் கிணற்றில் கொட்டினால் தண்ணீர் கடினமாகும். தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் வேகமாக ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மோந்து பார்த்தால் லேசான குளோரின் வாடை வர வேண்டும். வரவில்லையென்றால் அழுக்கே அதை விழுங்கிவிட்டது என்று அர்த்தம். இன்னொரு முறை போட வேண்டும்.

நிவாரணக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவார்கள். வீட்டையும் தோப்பையும் காது வில்லை தெரிகிற மாதிரி மாட்டையும் புயலுக்கு முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். பட்டா, ரேஷன் அட்டை, பாஸ்புக் மூன்றும் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். மாடு செத்தால் கால்நடை மருத்துவர் பார்ப்பதற்கு முன் புதைக்காதீர்கள். சாய்ந்த தென்னையை வழிக்காக அறுத்துத் தள்ளினாலும், எண்ணிக்கை முடியும் வரை அடிக்கட்டையை அப்படியே விட்டுவையுங்கள். தண்டை அறுத்ததும் வேரோடு கூடிய கட்டை சட்டென்று நிமிர்ந்து குழியில் உட்காரும். அறுக்கும்போது அந்தக் குழிக்குள் யாரும் நிற்கக் கூடாது.