நக்கிப் பாத்தாலே அது வெற்றிதாங்க

எம்பையனுக்கு ஆட்டிசம். நாலு வயசுல மொத்தமே ஆறு ஐட்டம்தான் சாப்பாடு, எல்லாமே வெளிர் கலரு, முக்காவாசி மொறுமொறு. ஒருநாள் பிஸ்கட் கவர் டிசைன மாத்திட்டாங்க, உள்ள அதே பிஸ்கட்தான், அன்னியோட ஆறு அஞ்சாயிடுச்சு. "ரெண்டு நாள் பட்டினி போடு, தானா சாப்பிடுவான்"னு சொல்லாத ஆளில்ல. ஆட்டிசம் இருக்கற குழந்தைட்ட தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணிடாதீங்க. அது அடம் இல்ல, வாசனையும் கொழகொழப்பும் அவங்களுக்கு தாங்கவே முடியாம போகலாம், சில பிள்ளைங்களுக்கு பசிக்கறதே சரியா தெரியாது. யோசிச்சுப் பாருங்க, பிஸ்கட் எப்பவும் ஒரே மாதிரி இருக்கு, திராட்சைல ஒண்ணு புளிக்குது ஒண்ணு இனிக்குது, அவன் எத நம்புவான்?

நான் பண்ணின பெரிய முட்டாள்தனம், அவனுக்கு பிடிச்ச மசிச்ச உருளைக்கிழங்குல கேரட்ட அரைச்சு ஒளிச்சு வச்சது. கண்டுபிடிச்சுட்டான். அன்னிலேர்ந்து உருளைக்கிழங்கும் போச்சு, என் மேல இருந்த நம்பிக்கையும் போச்சு, அத திரும்ப வாங்க மாசக்கணக்காச்சு.

அப்புறம் தெரபிஸ்ட் சொன்னாங்க, வாய்க்குள்ள போறது கடைசிப்படிம்மா, அதுக்கு முன்னாடி டேபிள்ல இருக்கறத பொறுத்துக்கணும், தொடணும், மோந்து பாக்கணும், நக்கணும், கடிச்சு துப்பினாலும் சரின்னு. அதனால பிடிச்சதோட புதுசு ஒரே ஒரு துண்டு, வேணாம்னா போட பக்கத்துல ஒரு கிண்ணம், "ஒரு வாய்டா கண்ணா"ன்னு கெஞ்சறது கிடையாது. பழக்கமான சிப்ஸ்லேர்ந்து வேற கம்பெனி சிப்ஸ், அப்புறம் வீட்லயே மொறுமொறுன்னு சுட்ட உருளைக்கிழங்கு குச்சி, அப்புறம் அதே சைஸ்ல கேரட் குச்சி. சொல்ல ஈஸியா இருக்கு, எங்களுக்கு ஒன்னரை வருஷம் ஆச்சு.

நடுவுல மலச்சிக்கல் வேற, அத டாக்டர் சரி பண்ணினதுக்கப்புறம்தான் பாதி எரிச்சலே குறைஞ்சது, மொதல்ல அத செக் பண்ணுங்க. குளூட்டன் (கோதுமைல இருக்கற புரதம்), பால் ரெண்டையும் நிறுத்துன்னு நிறைய பேர் சொல்வாங்க, ஆட்டிசத்துக்கு அது உதவும்னு உறுதியான ஆதாரம் இல்ல, இருக்கற கொஞ்சநஞ்சத்துலயும் பாதி போயிடும். எடை ஏறல, லிஸ்ட் சுருங்கிட்டே போகுதுன்னா காத்திருக்காதீங்க, சாப்பாட்ட அளவுக்கு மீறி ஒதுக்கற அந்த கோளாறுக்கு ஆர்ஃபிட்னு (ARFID) தனி பேரே இருக்கு, மனநல டாக்டர்ங்க நோய் கண்டுபிடிக்க வச்சுக்கற டிஎஸ்எம்-5ங்கற கையேட்டுல 2013ல சேத்தாங்க.

இப்ப ஏழு வயசு. கேரட் சாப்பிடறான், குச்சியா வெட்டினா மட்டும், வட்டமா வெட்டினா அது வேற காயாம். நேத்து ஆப்பிள நக்கிட்டு "ஈரம்"னான், கிண்ணத்துல போட்டுட்டான்.